ஆளில்லாத மலையில் இருவர்

பன்வில தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வாசலில் அழகர் வீங்கிய பாதங்களை வெந்நீரில் வைத்திருந்தான். அவனோடு நாலு நாள் நக்கிள்ஸ் மலையில் நடந்த கூட்டாளி மத்தியாஸ் பேப்பரோடு நொண்டி நொண்டி வந்தான்.

“அழகரு, நம்ம மலையேறுன கத வந்திருக்கு. ‘ஆளில்லாத காட்டில் சிநேகிதர் இருவர் மட்டும்’னு போட்டிருக்கான்.”

அழகருக்கு அலுப்புப் பாதி விட்டது. “நம்ம பேரு இருக்கா?”

“தொரை பேரும், அவரு சிநேகிதரு பேரும் இருக்கு.”

“கூடாரம், கட்டிலு, சட்டியெல்லாம் சுமந்துகிட்டுப் போனது நாமதானே?”

“நம்மளப்பத்தி ஒரு வரி இல்ல.”

அழகர் பேப்பரில் இருந்த படத்தைப் பார்த்தான். பாறைமேல் துரைமார் இருவரும் தோளில் கைபோட்டுச் சிரித்தார்கள்.

“மத்தியாசு, வேற ஆளே இல்லாத காட்டுல, இவங்க ரெண்டு பேரையும் சேத்துப் படம் புடிச்சது யாருடா?”