இடது காதுக்குப் பின்னால்

நர்சிங் கல்லூரியில் ஜெபக்கனி மூன்று வருடமும் பொம்மை நோயாளிகளிடம்தான் படித்தாள். அவை இருமும், அழும், கை தவறினால் செத்தும் போகும். இடது காதுக்குப் பின்னால் அழுத்தினால் போதும்; கண் விழித்து, "பரவாயில்ல சிஸ்டர், மறுபடி செய்யுங்க" என்று சொல்லும்.

படிப்பு முடிந்து ஆஸ்பத்திரியில் முதல் வாரம். எவ்வளவோ போராடியும் நோயாளி ஆறுமுகநயினாரின் மூச்சு நின்றுவிட்டது. டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்தார். ஜெபக்கனியின் விரல் அவளை அறியாமல் இறந்தவரின் இடது காதுக்குப் பின்னால் போய் அழுத்தியது. இன்னொரு முறை, இன்னும் பலமாக.

கட்டிலருகே நின்ற அவர் மனைவி விம்மினார்.

"பெத்த புள்ள இன்னும் வந்து சேரல. நீயாவது தடவிக் குடுக்கியே, தாயி."

ஜெபக்கனி அழுத்துவதை விட்டாள். மெல்லத் தடவத் தொடங்கினாள்.