சுவரில் ஒரு ஆணி

பெல் அடிக்காமல், தன்னிடமிருந்த சாவியைப் போட்டு வழக்கம்போல உள்ளே நுழைந்த வீட்டு ஓனர் அப்படியே நின்றுவிட்டார். வாடகைக்கு இருப்பவள் ஸ்டூல் மேல் ஏறி, டிரில்லால் சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். எதிர்ச் சுவர் முழுக்கப் பளிச்சென்று மஞ்சள் பெயின்ட்.

"ஏம்மா ஏழாம் நம்பர்! சுவத்துல ஆணியே அடிக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"அதனாலதான் சார் எட்டு வருஷமா கடிகாரத்தை நாற்காலியில சாத்தி வச்சு மணி பார்த்தேன்."

டிரில் மறுபடி உறுமியது.

"வீட்டை வித்தாச்சு, காலி பண்ணுன்னா பெயின்ட் அடிக்கிறியே! வாங்கினவங்க இன்னிக்கு சாவி வாங்க வர்றாங்க. நேர்லகூட வராம, போன்லயே சுத்திப் பார்த்து வாங்கினவங்க. என் மருமகன்தான் எல்லாத்தையும் ஆன்லைன்ல முடிச்சான். இந்தக் கோலத்தைப் பார்த்தா என் மானம் என்ன ஆகும்?"

"அவங்களுக்குப் பிடிக்கும் சார். போன்ல இதே சுவருக்கு ஒவ்வொரு கலரா மாத்திப் பார்த்து, இந்த மஞ்சளைத்தான் எடுத்தாங்க."

"அது உனக்கெப்படித் தெரியும்?" மருமகன் அனுப்பியிருந்த, வீட்டை வாங்கியவரின் பெயரை போனில் தேடி எடுத்து, சத்தமாகப் படித்தார். "யாரு இவங்க, உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"அது என் பேருதான் சார். நீங்க ஒருநாளும் கேட்டதில்லை."

"நீ... நீங்களா?"

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து கையை நீட்டினாள்.

"அந்தச் சாவியைக் குடுங்க. இனிமே வந்தா பெல் அடிங்க. திறக்கலாமா வேண்டாமான்னு நான் யோசிச்சுக்கறேன்."