தேய்ந்த கோடு

மூன்று நாளாகப் பார்த்துப் பார்த்துப் பொறுத்த புருஷோத்தமனுக்கு இன்றைக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

திருச்சானூர் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பார்வையில்லாத பாலையா சூடம் விற்கிறார். மத்தியானம் குழாயடிக்குப் போகும்போது காசு டப்பாவைப் பூக்கடை மணியம்மாவிடம் விட்டுவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் இவள் டப்பாவிலிருந்து நோட்டுகளை உருவித் தன் சுருக்குப் பையில் போட்டுக்கொள்கிறாள்!

புருஷோத்தமன் ஓட்டுவது ஆட்டோதான். ஆனால் ஸ்டாண்டில் யார் தப்பு செய்தாலும் தட்டிக் கேட்பது தன் பொறுப்பு என்று ஒரு நினைப்பு. நேராகப் போய் நின்றான்.

"இன்னா யக்கா, கண்ணு தெரியாத மனுசன் துட்டுல கை வெக்கிற? நாளிக்கு நீ இங்க கடை போட்டுடுவியா? ஸ்டாண்டு ஆளுங்க அத்தினி பேரையும் இட்டுக்கினு வர்றேன் பாரு!"

மணியம்மா கட்டிக்கொண்டிருந்த பூச்சரத்தைக் கீழே வைத்தாள். இந்த இடம் போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

"எடுத்தத பாத்தியே நைனா, வெச்சத பாத்தியா? டப்பாவத் தொற."

திறந்தான். உள்ளே இருந்ததெல்லாம் மொடமொடவென்று புது நோட்டு.

"நூறு ரூபா ஓரத்துல மேடா நாலு கோடு இருக்குது. ஐநூறுன்னா அஞ்சு. அதத் தடவித்தான் அவரு கண்டுபுடிக்கிறாரு. வசதியானவங்க போன்ல கட்டிட்டுப் போய்க்கினு இருக்காங்க. நம்ம கைல சுத்தறதெல்லாம் கோடு தேஞ்ச நோட்டு. அவரு விரலுக்கு அது வெறும் காயிதம். அதான் என் புது நோட்ட வெச்சிட்டு, பழச நான் பேங்குல குடுத்து மாத்திக்கிறேன்."

"அவராண்டயே சொல்லிட்டு மாத்தறதுதான?"

"கிழிஞ்சத தன் தலைல கட்டறாங்கன்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடுவாரு. கோடு தட்டுப்படலன்னாலும், நூறுன்னு யாரு வாயால சொன்னாலும் நம்பி வாங்கற மனுசன்."

புருஷோத்தமன் டப்பாவை மூடி வைத்தான். பட்ட வெட்கமெல்லாம் கோபமாகத் திரும்பியது.

"எவன் யக்கா அவன்? கண்ணு தெரியாதவரு தலையில இத்தக் கட்டறவன் மனுசனா?"

அந்தச் சத்தம் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். பாலையா கோலைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்.

மணியம்மா சுருக்குப் பையிலிருந்து, நடுவில் டேப் ஒட்டிய நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"மெதுவாப் பேசு நைனா, உன் கொரலு அவருக்குத் தெரியும். இது காலைல சூடம் வாங்கிட்டு நீ குடுத்தது."