குட்டி வருது

கதவைத் திறந்ததும் மேனேஜரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஹால் மூலையில், நாய்க்குட்டிக்காகப் பார்த்துப் பார்த்து வாங்கிய மெத்தையில், ஒரு பெண் குழந்தை சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. ஆறு வயசிருக்கும். மடியில் நாய்க்குட்டிக்கு வாங்கிய பந்து. கையில் நாய்க்குட்டிக்கு வாங்கிய கிண்ணம். அதில் பாலை ஊற்றி, பிஸ்கட்டைத் தோய்த்துத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தது.

"வாங்க ஆன்ட்டி" என்று வரவேற்பு வேறு!

சமையலக்காவின் மகள். வேறு யாராக இருக்க முடியும்?

மேனேஜரம்மாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வாழ்க்கையில் முதல்முறையாக நாய் வளர்க்கப் போகிறாள். ஒரு வாரமாக அதே நினைப்பு. தரையில் கிடந்த ஒயர்களைச் சுவரோடு சேர்த்து டேப் ஒட்டியாயிற்று. செருப்பெல்லாம் பரணுக்குப் போயாயிற்று. கடித்துவிடக் கூடாதே என்று மேஜைக் கால்களுக்குக்கூடத் துணி சுற்றியாயிற்று. இன்று ஆபீஸுக்கு அரை நாள் லீவு. இன்னும் அரை மணி நேரத்தில் கணவன் குட்டியோடு வந்து இறங்கிவிடுவான். இந்த நேரம் பார்த்து இப்படியா?

விடுவிடுவென்று சமையலறைக்குப் போனாள்.

"யாரைக் கேட்டுக்கா இப்படிச் செஞ்சீங்க?"

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த சமையலக்கா திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"யாரைக் கேக்கணும் மேடம்? அதான் என் காதால கேட்டேனே!"

"என்னத்தைக் கேட்டீங்க?"

"நீங்க போன்ல சார்கிட்ட சொன்னதைத்தான். 'வெள்ளிக்கிழமை குட்டி வருது. மெத்தை பெருசாவே வாங்குவோம், வளர்ற குட்டி. புது இடம், மிரளும். அழுதா யாரும் அதட்டக் கூடாது. பூட்டின வீட்டுல தனியா விட்டா ஏங்கிப் போயிடும், பாவம்'னு சொன்னீங்களே. பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே கேட்டேன். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

மேனேஜரம்மா வாயைத் திறப்பதற்குள் சமையலக்கா தொடர்ந்தாள்.

"ஸ்கூல் லீவு விட்டாச்சு, குட்டியை வீட்டுல பூட்டிட்டு வரேன், இங்க கூட்டிட்டு வரட்டுமான்னு அன்னைக்குக் கேட்டேன். 'பார்க்கலாம்'னீங்க. முடியாதுங்கறதைத்தான் அப்படிச் சொல்றீங்கன்னு நினைச்சு மனசுக்குள்ள உங்களைத் திட்டக்கூடச் செஞ்சேன் மேடம். மன்னிச்சிருங்க. இவ்வளவு பெரிய மனசை வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

முடியாது என்பதைத்தான் அவள் அப்படிச் சொல்லியிருந்தாள்.

வாய் நிறைய அக்கா, அக்கா என்று கூப்பிடுகிறவள்தான். மூன்று வருஷமாக அந்த அக்கா கையால் சாப்பிடுகிறவள்தான். ஆனால் அக்காவின் மகளை வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள் என்பது காதில் விழுந்ததோடு சரி, மனசில் ஒட்டவில்லை. நாய் வாங்கப் போகிறோம் என்று அக்காவிடம் சொல்லவும் தோன்றவில்லை. பூட்டின வீட்டில் நாய்க்குட்டி ஏங்கிப் போகுமே என்று ஒரு வாரமாகத் தவித்தவளுக்கு, பூட்டின வீட்டில் ஒரு குழந்தை இருப்பது உறைக்கவே இல்லை.

வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது.

"எத்தனை நாளா தனியா இருந்தா?"

"பத்து நாளா மேடம். பக்கத்து வீட்டுல ஜன்னல் வழியா எட்டிப் பாத்துக்குவாங்க. தினமும் கிளம்பும்போது காலைக் கட்டிக்கிட்டு ஒரே அழுகை. இன்னைக்குத்தான் சிரிச்சுக்கிட்டு வந்தா. அந்த மெத்தையை விட்டு எந்திரிக்கவே மாட்டேங்கறா."

உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் அந்தச் சிரிப்பு என்னாகும்? சொல்லாவிட்டால், இன்னும் கொஞ்ச நேரத்தில் வாசலில் குரைக்குமே? மேனேஜரம்மா திருதிருவென்று விழித்தாள். ஆபீஸில் நாற்பது பேரை அதட்டி வேலை வாங்குகிறவள்.

அதற்குள் ஹாலிலிருந்து குரல் வந்தது.

"அம்மா! இங்க வாயேன்! மெத்தைக்கு அடியில என்னமோ எழுதியிருக்கு!"

இரண்டு பேரும் ஓடினார்கள். குழந்தை மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, அடியில் தைத்திருந்த துணிச்சீட்டை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தது.

"நாய்... களுக்கு... மட்டும்! படிச்சுட்டேன்மா!"

பெருமை தாங்கவில்லை அதற்கு. அடுத்த நொடி முகம் வாடியது.

"இது நாயோட மெத்தையாம்மா?"

சமையலக்கா மெத்தையைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். துணி சுற்றிய மேஜைக் கால்களைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

மேனேஜரம்மா குழந்தைக்கு முன்னால் பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"இல்லடா கண்ணு. உனக்கு நாய்க்குட்டின்னா உசுருன்னு அம்மா சொன்னாங்க. அதான் லீவு முழுக்க உன்கூட விளையாட ஒரு நாய்க்குட்டி வாங்கியிருக்கோம். இப்ப வந்துடும். அதுவும் உன் பக்கத்துல படுத்துக்கட்டுமேன்னுதான் இந்த மெத்தை."

குழந்தையின் கண் விரிந்தது.

"நிஜமாவா! நீயாம்மா சொன்னே?"

மேனேஜரம்மா தலை நிமிரவில்லை. சமையலக்காவைப் பார்க்க அவளுக்கு முகமில்லை.

அப்படி ஒரு வார்த்தை சொல்லியே இராத சமையலக்கா குனிந்து, மகளின் உதட்டில் ஒட்டியிருந்த பாலைக் கையால் துடைத்துவிட்டாள்.

"ஆமா குட்டி. நான்தான் சொன்னேன்."