ராசு என்கிற சிதம்பரம்

காலையில் அருள்வாணன் குக்கருக்குப் புது ரப்பர் மாட்டிக் கொடுத்தான். மாலையில் ஈரல் செயலிழந்து சுருண்டு விழுந்தான். பரம்பரைச் சான்று இருந்தால்தான் மருத்துவமனை புது ஈரல் வளர்த்துத் தரும். அவன் தாத்தாவுக்குப் பத்திரத்தில் சிதம்பரம் என்றும் பள்ளிப் பதிவில் ராசு என்றும் பெயர்.

"மாமனார் பேரைச் சொல்லக்கூடாதுன்னு, அந்தப் பேரு வச்ச பிள்ளைய தாத்தாவோட அம்மா ராசுன்னே கூப்பிட்டாங்க சார்," என்று மனைவி கோமளா கெஞ்சினாள்.

"கதையெல்லாம் செல்லாதும்மா. ரெண்டும் வேற ஆளு," என்றார் சான்று தரும் அதிகாரி தணிகாசலம். அருள்வாணன் செத்துப்போனான்.

கோமளா தேர்வெழுதி அதே நாற்காலிக்கு வந்தாள். ஒருநாள், ஓய்வுபெற்ற தணிகாசலம் தன் ஈரலுக்காக எதிரே வந்து நின்றார். அவர் தாத்தாவுக்கும் இரண்டு பெயர்.

"எங்க பக்கம் மாமனார் பேரச் சொல்லமாட்டாங்கம்மா. உங்களுக்குத் தெரியாததா?"

"நல்லாத் தெரியும் சார்," என்று சொல்லிவிட்டு, 'வேறு ஆட்கள்' என்று முத்திரையிட்டாள் கோமளா.

அருள்வாணனின் பரம்பரைப் பதிவில் தாத்தாவுக்கான இடம் அப்போதும் காலியாகவே இருந்தது.