தட்டுக்கு அடியில்

"ஆறே மாசம். எல்லாம் நம்ம ட்ரெய்னிங்," என்று விருந்தினரிடம் பீற்றிக்கொண்ட பத்மநாபன், "சிட்!" என்றார். லியோ சமையலறை வாசலைப் பார்த்தது. அங்கே காபித் தட்டோடு நின்ற வேலைக்காரி பிலோமினா, நாயின் உயரத்துக்கு மட்டும் தெரியும்படி, தட்டுக்கு அடியில் சுண்டுவிரலை மடக்கினாள். லியோ உட்கார்ந்தது. கைதட்டல் எழுந்தது. உண்ணி எடுத்து, காது துடைத்து, ஒருநாள்கூட அடிக்காமல் அவள் பழக்கிய பிள்ளை.

"பல்லைப் பாருங்க, எப்படிப் பளபளன்னு வெச்சிருக்கேன்!" என்றார் அவர். தினமும் அதைத் தேய்த்துவிடுகிறவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"போதும், எழுந்திரு!"

லியோ அசையவில்லை. விரல் நீண்டால்தான் அது எழும்.

"எழுந்திருடா!"

நாய் எங்கே பார்க்கிறதென்று ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பிலோமினா நிதானமாகத் தட்டை மேசைமேல் வைத்தாள். எல்லார் கண்முன்னும் அவள் சுண்டுவிரல் மடங்கியே இருந்தது.