செயலாளரின் இங்கிலீஷ்

“இந்த ஆளுக்கு யார் செயலாளர் பதவியைக் கொடுத்தது?”

குடியிருப்பின் நோட்டீஸ் போர்டு முன்னால் நின்று பொரிந்து தள்ளினாள் வங்கி மேனேஜர். இரண்டாம் மாடிக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

பக்கத்தில் நின்றவர் மூன்றாம் மாடிக்காரர். பத்திரிகையில் ப்ரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் எப்போதும் சிவப்புப் பேனா. கடைசியில் பேரும் அதுவே ஆகிவிட்டது.

“தண்ணித் தொட்டி பத்தி ‘டிஸ்கஸ் அபவுட்’ பண்ணணுமாம். ‘டிஸ்கஸ்’னாலே ‘அபவுட்’ அதுக்குள்ளயே இருக்கும்மா!” ஒரே இழுப்பில் ‘அபவுட்’டை அடித்தார் சிவப்புப் பேனா. “கீழே பாரு, சாவியை ‘ரிட்டர்ன் பேக்’ பண்ணணுமாம். ‘ரிட்டர்ன்’ தனியா வர பயப்படுதா, துணைக்கு ‘பேக்’ எதுக்கு?”

முகமெல்லாம் சிரிப்பு.

“உங்களுக்குச் சிரிப்பா இருக்கு சார். என்னைப் பார்க்க வர்றவங்க இதைப் படிச்சுட்டுச் சிரிச்சா எனக்கு மானம் போகுது. ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்ல அவரை மாத்தியே ஆகணும்னு சொல்லப்போறேன்.”

எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள் அவள். விறுவிறுவென்று செயலாளர் அறைக்குப் போனாள்.

செயலாளர் போனில், மோட்டார் கம்பெனிக்காரரை இங்கிலீஷில் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பிசகவில்லை. அவர் போனை வைக்கும்வரை அவள் வாசலிலேயே நின்றாள்.

“இவ்வளவு நல்லாப் பேசறீங்க... நோட்டீஸ்ல மட்டும் ஏன் சார் அப்படி? அதுக்காகவே உங்களை மாத்தணும்னு சொல்ல வந்தேன்.”

செயலாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“சிவப்புப் பேனாவோட வீட்டம்மா தவறினப்புறம் மனுஷன் வெளியவே வரல மேடம். போய்க் கதவைத் தட்டினா, ‘அப்புறம் வாங்க’ன்னுடுவார். ஒரு தடவை அவசரத்துல ஒரு நோட்டீஸைத் தப்போட ஒட்டிட்டேன். யார் போய்ச் சொன்னாங்களோ, ஷேவ் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டையோட, பேனாவைத் தூக்கிட்டு இறங்கி வந்துட்டார்! எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்னையிலிருந்து யோசிச்சு யோசிச்சுத் தப்புப் பண்றேன். பதவி போனாப் போகட்டும். புதுசா வர்றவர்கிட்ட மட்டும் இதைச் சொல்லி வைங்க.”

அவள் மெதுவாகக் கதவைத் திறந்தாள். வெளியே வந்தால், மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்தபடி சிவப்புப் பேனா காத்திருந்தார்.

“மாத்தற பேச்சை விட்டுடும்மா. அவர் இங்கிலீஷ்ல ஒரு குறையும் கிடையாது. ஆயுசு பூரா ப்ரூஃப் பார்த்தவன் நான். தெரியாம வர்ற தப்பு எது, தேடிப்பிடிச்சுப் போடற தப்பு எதுன்னு எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுமா ஒவ்வொரு தடவையும் இறங்கி வந்து திருத்தறீங்க?”

“முட்டி வலி உயிர் போகுதும்மா. ஆனா நான் வரலேன்னா, பாவம், மனுஷன் மெனக்கெட்டுப் போட்ட தப்பெல்லாம் வீணாப் போயிடுமே!”